ஸ்காபரோ பேஸ்மென்றில் கறிவேப்பிலை

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் எங்கள் வீடு. விடிய எழும்பி, கோடைகால நேரத்துக்கு வீட்டு மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டு, கத்தரிக்கோலோடு பேஸ்மென்றுக்கு இறங்கினேன். அங்கே கறிவேப்பிலைக் கண்டு நிற்கிற ரென்றின், அதாவது செடி வளர்க்கிற துணிக்கூடாரத்தின், சிப்பைத் திறந்ததும் வாசம் முகத்தில் அடித்தது. மூன்று நெட்டு வெட்டிக்கொண்டு மேலே ஓடினேன். சட்டியில் எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. மனைவி உருவிப் போட்டா. பெப்ரவரியில் கொட்டின ஸ்னோ வாசலில் இன்னும் கரையவில்லை. உள்ளே எங்கள் வீட்டில் வளர்ந்த கறிவேப்பிலையோடு பருப்பு.

கடையில் ஒரு சின்னப் பை இரண்டு டொலருக்குக் கிடைக்கிற சாமானுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஃபிரிட்ஜில் நாலு நாள் கிடந்த இலையும், வெட்டி ஒரு நிமிசத்துக்குள் எண்ணெயில் விழுகிற இலையும் ஒன்றில்லை. அதுதான் என் பதில். நான் எழுத வந்தது வேறு விசயம். ஐந்து மாதமாக எங்கே பிழைவிட்டேன், எந்தக் காசு வீணாகப் போனது, எது வேலை செய்தது என்பதை மறக்க முன்னம் எழுதிவைக்க வேண்டும். இந்த ஊரில் ஒவ்வொரு மார்கழியும் எத்தனையோ வீடுகளில் கறிவேப்பிலைக் கண்டு சாகிறது. நான் பார்த்தவை எல்லாம் ஒரே மாதிரித்தான் செத்தன.

முதல் குளிர்காலம்

2023 இல் ஒரு கண்டு வாங்கி இருப்பறை யன்னலில் வைத்தேன். யன்னலுக்கு நேர் கீழே ஹீற்றிங் காற்று வருகிற வாய். மேலே கண்ணாடிக் குளிர், கீழே வறண்ட சூடு. கிழமைக்கு இரண்டு தரம் தண்ணி விட்டேன். டிசெம்பரில் இலை கொட்டியது. ஜனவரியில் தண்டு அடியிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. பிடுங்கிப் பார்த்தேன். வேர் எல்லாம் மண்ணிறம். விரலால் இழுத்தால் மேல்தோல் உறை மாதிரிக் கழன்று வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. மணம் குட்டைத் தண்ணி மணம்.

அதைக் கையில் வைத்துக்கொண்டே, வெளிச்சம் காணாமல் செத்துப்போச்சு என்று முடிவு கட்டினேன். கையில் இருந்தது அழுகின வேர், நான் யோசித்தது வெளிச்சத்தை. அடுத்த வருசத்துப் பிழைகள் எல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்துதான் தொடங்கின.

சாமான் சேர்த்தது

2024 ஜூலையில் ஒரு தமிழ்க்கடை வாசலில் 20 டொலர்படி இரண்டு கண்டு வாங்கினேன். இரண்டும் 25 சென்ரிமீற்றர் உயரம். ஒன்று போனாலும் மற்றது நிற்கட்டும் என்றுதான் இரண்டு எடுத்தேன். பிறகு அதுவே பெரிய உதவியாக இருந்தது. கோடை முழுக்கப் பின்வளவுப் படியில் நின்று 40 சென்ரிமீற்றருக்கு வந்தன. செப்ரெம்பர் கடைசியில் இரவு வெப்பம் 10 பாகைக்கு இறங்கத் தொடங்கியதும் உள்ளே எடுத்தேன். எடுக்க முன்னம் இலையின் மேலும் கீழும் சவர்க்காரத் தண்ணியால் துடைத்தேன். வெளியிலிருந்து பூச்சியை உள்ளே கொண்டுவந்தால் குளிர்காலம் முழுக்க அதோடு மாரடிக்க வேண்டும்.

கண்டுகளுக்குக் கொடுத்த 40 டொலர் தனி. அதற்குமேல் ரென்ற், லைற் எல்லாம் சேர்த்து 200 டொலர் தாண்டக்கூடாது என்று வீட்டில் பேச்சு.

இந்தக் காசுக்குள் அடங்கியதற்குக் காரணம் கஞ்சா. கனடாவில் 2018 ஒக்ரோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வம். ஒன்ராறியோவில் ஒரு வீட்டில் நாலு செடி வரை சொந்தப் பாவனைக்கு வளர்க்கலாம். ஆசையில் ரென்ற், லைற் எல்லாம் வாங்கி, ஒரு போகத்தோடு அலுத்துப்போய் விற்கிறவர்கள் எக்கச்சக்கம். புதிதாக வாங்கினால் இரண்டு மூன்று மடங்கு போகும் சாமான் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கிறது. எனக்கு விற்ற பெடியனும் அப்படித்தான். 80 டொலருக்குத் தந்தவை: 60க்கு 60, உயரம் 140 சென்ரிமீற்றர் கூடாரம், உள்ளே வெள்ளி நிறத் துணி, ஒரு எல்.ஈ.டி பலகை, பல்லுவைத்த பழைய சுழல் ரைமர், கவ்விப் பிடிக்கிற சின்ன விசிறி. இன்னும் 50 டொலர் தந்தால் காற்றை இழுத்து வெளியே தள்ளும் விசிறியும் கரி வடிகட்டியும் தாறன் என்றான். அது கஞ்சா மணம் வெளியே போகாமல் இருக்க. கறிவேப்பிலை மணத்தை வடிகட்ட எனக்கு என்ன தேவை? அதோடு அந்த விசிறி உள்ளே இருக்கிற இளஞ்சூட்டையும் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும். வேண்டாம் என்று வந்தேன். ஒரு நாள்கூட அது இல்லையே என்று நினைத்ததில்லை.

ரென்றுக்குள் பழைய செடியின் மணம் ஊறிக் கிடந்தது. வினாகிரியும் வெந்நீரும் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு தரம் துடைத்து, ஒரு நாள் முழுக்க வெளியே காயவிட்டேன். போய்விட்டது.

லைற்

லைற் பெட்டியில் 1000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எலெக்ற்றீசியன் வேலை செய்கிற மச்சானிடம் பிளக்கில் செருகும் வாற் மீற்றர் ஒன்று இரவல் வாங்கிப் பார்த்தேன்: 98 வாற். அந்த 1000 வாங்குகிறவரை மயக்குகிற எண். பழைய சாமான் வாங்கப் போகிறவர்கள் பெட்டியை நம்பாமல் சுவரிலிருந்து எத்தனை வாற் இழுக்கிறது என்று கேளுங்கள். 60 சென்ரிமீற்றர் சதுரத்துக்கு 98 தாராளம்.

எத்தனை மணித்தியாலம் எரிப்பது? விற்ற பெடியன் 18 என்றான். அது கஞ்சாவின் கணக்கு. 12 மணித்தியாலத்துக்கு இறக்கினால் அது பூக்கத் தொடங்கிவிடும், ஆகவே வளரும் காலத்தில் நீட்டி எரிப்பார்கள். நான் வேறு விதமாக யோசித்தேன். யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட. எங்கள் கிணற்றடிக் கறிவேப்பிலை அந்தப் பகலில்தான் கூரைக்கு மேலே வளர்ந்தது. பிறகு ஏன் 18?

பன்னிரண்டு என்று வைத்ததில் இன்னொரு நன்மை. இங்கே நேரத்துக்கு நேரம் விலை மாறும் மின்சாரத் திட்டத்தில், கிழமை நாட்களில் இரவு 7 மணியிலிருந்து விடிய 7 மணி வரை மலிவு. சனி ஞாயிறு முழு நாளும் மலிவு. 2024-25 குளிர்காலத்தில் அந்த மலிவு விலை ஒரு கிலோவாற் மணிக்கு 7.6 சதமாக இருந்தது. பேஸ்மென்றில் யன்னல் இல்லாத மூலை. ரென்றுக்குள் எது பகல், எது இரவு என்பதை நான்தான் தீர்மானிக்கிறேன். ரைமரில் கால் மணிக்கு ஒரு பல்லாக 96 பல்லு. அதில் 48ஐ அமத்தினேன். எங்கள் இரவு, கண்டுக்குப் பகல். 98 வாற், 12 மணித்தியாலம், 30 நாள்: 35 கிலோவாற் மணிக்குக் கொஞ்சம் கூட. மாதம் 2 டொலர் 68 சதம். விநியோகக் கட்டணமும் வரியும் தனி.

நவம்பரில் குளிர்கால நேரத்துக்கு மணி பின்னுக்குப் போனபோது ரைமரை மாற்ற மறந்து, மூன்று கிழமை 6 மணிக்கே எரிந்தது. நட்டம் சதக்கணக்கில்தான். ஆனாலும் மார்ச் 9 அன்று மறக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. தண்ணியும் மின்சாரமும் ஒரே மூலையில். வயர் பிளக்குக்குப் போக முன்னம் ஒருக்கால் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். வயரில் வழிகிற தண்ணி அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. மச்சான் வந்து பார்த்து முதலில் திருத்தியது அதைத்தான். ரைமரையும் நிலத்தில் கிடந்த பலகையிலிருந்து எடுத்துச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் மாட்டினார்.

முதல் பிழை சீக்கிரமே தெரிந்தது. லைற்றை நுனியிலிருந்து 25 சென்ரிமீற்றரில் தொங்கவிட்டிருந்தேன். இரண்டு கிழமையில் மேல் இலைகள் எலுமிச்சை நிறத்துக்கு வெளிறி, விளிம்பு மேல்நோக்கி மடிந்தன. ஃபோனில் ஒரு இலவச வெளிச்சமானியைப் போட்டு நுனியடியில் பிடித்தேன்: 42,000 லக்ஸ். 50 சென்ரிமீற்றருக்கு உயர்த்தினேன்: 19,000. ஃபோன் அளவு திருத்தமில்லை, ஆனால் ஒரே ஃபோனால் முன்னும் பின்னும் அளந்தால் ஒப்பிடலாம். அதற்குப் பிறகு வந்த இலைகள் வெளிறவில்லை.

இலை கொட்டின மாதம்

நவம்பர் 10 அளவில் தொடங்கியது. கறிவேப்பிலை இலை கொட்டுகிற விதம் தனி. சின்ன இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ, நடு ஈர்க்கு மட்டும் வெறுமையாகத் தண்டில் நிற்கும். பிறகு ஒரு நாள் விரல் பட்டதும் அந்த ஈர்க்கும் விழும். ஒவ்வொரு நாளும் விடிய ரென்றைத் திறந்து, கீழே கிடந்ததைக் கூட்டி எண்ணினேன். 7, 11, 9, 16. மஞ்சளாகி விழுந்ததும் உண்டு, பச்சையாகவே விழுந்ததும் உண்டு.

நவம்பர் 14: தழைச்சத்துக் குறைவாக்கும் என்று 20-20-20 பசளை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது), கால் அளவில் கரைத்து விட்டேன். மாற்றமில்லை.

நவம்பர் 20: புது இலையும் மஞ்சள் என்று கண்டு இரும்புச்சத்து வாங்கினேன், 16 டொலர். ரொறன்ரோத் தண்ணி ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருகிறது. கொஞ்சம் சுண்ணாம்புத் தன்மை உண்டு. அப்படியான தண்ணிக்கு டி.ரி.பி.ஏ என்று போட்டிருக்கிற இரும்பு நல்லது, ஈ.டி.ரி.ஏ வகை மண்ணின் அமில-கார அளவு (பி.எச்) 6.5ஐத் தாண்டினால் வேலைசெய்யாமல் விடத் தொடங்கும். சரியானதைத்தான் வாங்கினேன். ஆனாலும் மாற்றமில்லை.

நவம்பர் 27: புளித்த மோர். ஊரில் எல்லாரும் ஊற்றுவார்கள், மரம் கறுத்துச் செழிக்கும். ஊரில் அது வெயிலும் காற்றும் எறும்பும் மண்புழுவும் இருக்கிற திறந்த நிலம். மூடின ரென்றுக்குள், 12 அங்குலச் சாடிக்குள், கண்டுக்கு அரைக் கப் மோர் ஊற்றினால் என்ன நடக்கும் என்று நான் யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் புளித்த மணம் படியேறி வந்தது. ஒரு கிழமையில் சாடி விளிம்பில் கறுத்தப் புள்ளி மாதிரிச் சின்ன இலையான்கள். நுளம்பிலும் சிறிசு, கடிக்காது, தண்ணி விட்டால் மண்ணிலிருந்து கூட்டமாக எழும்பும். ஈரமான மண்ணில் முட்டையிடும். புழு வேர் முடியைத் தின்னும்.

இலை கொட்டுகிற கண்டுக்கு ஒரு மாதத்துக்குள் பசளை, இரும்பு, மோர், மூன்றும் ஊற்றினேன். மூன்றோடும் தண்ணியும் போனது.

அம்மா கேட்டது

டிசெம்பர் 8, ஞாயிறு. அம்மாவோடு வீடியோவில் கதைத்துக்கொண்டே ஃபோனை ரென்றுக்குள் நீட்டினேன். 78 வயது. லைற் வெளிச்சத்தில் திரை முழுக்க வெள்ளை. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தா.

"இலையைப் பாத்துக்கொண்டு நிக்காதை. அடியைத் தொட்டுப் பாத்தனியோ?"

"ஈரமாத்தான் இருக்கம்மா."

"ஈரம் தெரியுது. குளிரோ, சூடோ?"

விரலை மண்ணுக்குள் விட்டேன். ஃபிரிட்ஜில் வைத்த மரக்கறி மாதிரிக் குளிர்ந்தது. மேலே ஓடிப்போய் இறைச்சிக்குக் குத்துகிற தேமோமீற்றரை எடுத்துவந்து ஒரு சாண் ஆழத்தில் குத்தினேன். 13.5 பாகை. ரென்றுக்குள் தொங்குகிற 14 டொலர்க் கருவியில் காற்று 21 பாகை, ஈரப்பதன் 46. ஐந்து மாத வேலையில் முக்கியமான அளவு அந்த 13.5 தான். அதை நவம்பர் 10 அன்றே அளந்திருக்கலாம். தேமோமீற்றர் எங்கள் குசினி லாச்சிக்குள்தான் கிடந்தது.

சாடி இரண்டும் ரென்றின் அடித்துணியில் நின்றன. துணிக்குக் கீழே வெறும் கொங்கிறீற். அதைத் தொட்டு அளந்தேன்: 13. அதற்குக் கீழே குளிர்ந்த நிலம். கண்டின் தலைக்கு ஆடி மாதத்து வெயில், காலுக்கு மார்கழி. வெளிச்சத்தைக் கண்டு இலை தண்ணி கேட்கிறது; குளிர்ந்த வேரால் இழுத்துக் கொடுக்க முடியவில்லை. கொடுக்க முடியாதபோது கண்டு இலையை உதறுகிறது. இரும்பும் அப்படித்தான்: குளிரும் சதுப்புமான மண்ணில் வேர் அதை எடுக்காது. வைத்த இடத்தில்தான் பிழை, பசளையில் இல்லை.

குழாய்த் தண்ணியையும் அளந்தேன். 6 பாகை. குளோரின் போகட்டும் என்று நான் தண்ணியை முதல் நாள் பிடித்து வைப்பதுண்டு, சில நாள் மறந்து நேரே விட்டதும் உண்டு. ரொறன்ரோத் தண்ணியில் இருப்பது குளோரமைன், குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது. ஒரு இரவு வைத்தால் அது அவ்வளவாகப் போகாது, கண்டுக்கு அது பெரிய கெடுதலுமில்லை. ஆனால் பிடித்து வைத்தால் தண்ணி அறைச்சூட்டுக்கு வரும். நான் காரணம் தெரியாமல் செய்த அந்த ஒன்றை இப்போது தவறாமல் செய்கிறேன்.

திருத்தினது

டிசெம்பர் 14, சனிக்கிழமை. பின்னேரம் முழுக்க இதே வேலை.

இரண்டு கண்டையும் சாடியோடு கவிழ்த்து இழுத்தேன். 12 அங்குலச் சாடியில் வேர் பிடித்திருந்தது நடுவில் ஒரு கைப்பிடி அளவு. சுற்றிவர உள்ள மண்ணில் வேரே இல்லை. வேர் இல்லாத மண்ணைக் குடித்து முடிக்க ஆளில்லை, பதினொரு நாளாகியும் பிழிந்தால் தண்ணி வந்தது. வளரத்தானே போகுது என்று கோடையில் பெரிய சாடிக்கு மாற்றினது என் அவசரம். மண்ணிற வேர்களைக் கத்தரிக்கோலால் நறுக்கி, வெள்ளை வேரை மட்டும் விட்டேன். முதலாம் கண்டில் அரைவாசிக்கு மேல் வெள்ளை. இரண்டாம் கண்டில் கால்வாசிகூட இல்லை.

புது மண்: பீற் (சதுப்புநிலப் பாசி மக்கு) சேர்ந்த சாடி மண் இரண்டு பங்கு, மண்ணைத் தளர்த்துகிற பொரி மாதிரியான வெள்ளைக் கல்லு, பேர்லைற், ஒரு பங்கு. மண் 18 டொலர், பேர்லைற் 9. ஒவ்வொன்றுக்கும் 6 அங்குலச் சாடி, அடியில் நாலு ஓட்டை. சாடிகள் வீட்டில் கிடந்தவை.

தரைக்கும் ரென்றுக்கும் இடையில் இரண்டு அங்குலத் தடிப்பான இளஞ்சிவப்பு நுரைப் பலகை போட்டேன். மச்சானின் வேலைத்தலத்தில் வெட்டி எறிந்த துண்டு, காசில்லை. அதற்கு மேலே விதை முளைக்க வைக்கிறவர்கள் சாடிக்குக் கீழே விரிக்கிற மின்விரிப்பு, 10க்கு 20 அங்குலம், 20 வாற், 22 டொலர். சூட்டைக் கட்டுப்படுத்துகிற தேமொஸ்ராற் 24 டொலர். தேமொஸ்ராற் இல்லாமல் விரிப்பை மட்டும் போடாதீர்கள். சின்னச் சாடியில் மண் காய்ந்துகொண்டு போகப் போகச் சூடு ஏறி வேரை அவித்துவிடும். உணர்முனையைக் காற்றில் தொங்கவிடவும் கூடாது. மண்ணுக்குள் நடுச்சாடி ஆழத்துக்கு விட்டு, 26 பாகைக்கு வைத்தேன்.

இந்த இடத்தில் ஒரு முடிவு எடுத்தேன், இப்போதும் அதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. முதலாம் கண்டை விரிப்பில் வைத்தேன்; இரண்டாம் கண்டை விரிப்புக்கு வெளியே, நுரைப் பலகையில் மட்டும் வைத்தேன். சூடுதான் காரணமா, சாடியும் மண்ணும் மாறினதா என்று தெரிய வேண்டும் என்று நினைத்தேன். மூன்று கிழமைக்கு அப்படி.

நுரைப் பலகை மட்டும் இருந்த சாடியில் மண் 17 பாகைக்கு வந்தது. 13.5 ஐ விட எவ்வளவோ மேல். ஆனால் போதவில்லை. விரிப்பில் இருந்தது 26, இரவும் பகலும்.

டிசெம்பர் 30, பதினாறாம் நாள். முதலாம் கண்டில், ஈர்க்கு விழுந்த தழும்புக்கு மேலே ஒரு புடைப்பு. கடுகை விடச் சிறிசு, நுனி செம்பச்சை. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பூதக்கண்ணாடியோடு வந்தாள். மூன்றாம் நாள் அது பிரிந்து, விரல் நகமளவில் மடித்து வைத்த சின்னச் சின்ன இலைகள் தெரிந்தன. ஜனவரி 4க்குள் அப்படி ஐந்து இடத்தில்.

அதே நாள் இரண்டாம் கண்டில் கடைசி ஈர்க்கும் விழுந்தது. வெறுங்கம்பு. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். நுனியில் மண்ணிறம். இரண்டு அங்குலம் கீழே சுரண்டினால் மண்ணிறம். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுரண்டியபோது பச்சை, ஈரம். அந்தப் பச்சை வரை வெட்டிவிட்டு, ஜனவரி 5 விடிய அதையும் விரிப்பில் ஏற்றினேன். ஒரே விரிப்பில் இரண்டு சாடிக்கும் தாராளமாக இடம் இருந்தது. ஒரு கிழமையில் ஒப்பிட்டு முடித்திருக்கலாம். மூன்று கிழமை தேவையில்லை.

இலையானும் இரும்பும்

இலையானுக்கு மஞ்சள் நிற ஒட்டுத்தாள், 7 டொலர். வளர்ந்ததை மட்டும்தான் அது பிடிக்கும், ஆனால் எண்ணிக்கை தெரியும். முதல் கிழமை 43. சாடி மண்ணின் மேல் ஒரு சென்ரிமீற்றர் மணல் போட்டேன். மேல் மண் மூன்று சென்ரிமீற்றர் காயும் வரை தண்ணி விடுவதை நிறுத்தினேன். புழு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு உருளைக்கிழங்குத் துண்டை மண்ணில் கவிழ்த்து வைத்து இரண்டு நாளில் தூக்கிப் பார்த்தேன். அடியில் கறுத்தத் தலையோடு கண்ணாடி நூல் மாதிரி ஆறு. அந்தத் துண்டை எறிந்து புதிது வைத்தேன். கிழமைக்குக் கிழமை 43, 29, 12, 4. மோர் ஊற்றாமலிருந்தால் அந்த 7 டொலரும் மிச்சம்.

ஜனவரி நடுவில் முதலாம் கண்டின் தளிர்கள் பெரிதாகியபோது, புது இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சை வலையாக நின்றன. இதுதான் உண்மையான இரும்புக் குறை. நவம்பரில் வாங்கின அதே போத்தலை, போத்தலில் போட்டிருந்த அளவில் அரைவாசி கரைத்து, அறைச்சூட்டுத் தண்ணியில் ஒரே ஒரு தரம் விட்டேன். பன்னிரண்டு நாளில் இலை பச்சை கட்டியது. நவம்பரில் குளிர்ந்த வேரில் பிடிக்காத மருந்து, சூடான வேரில் ஒரே தரத்தில் பிடித்தது.

இப்போது மஞ்சளைக் கண்டால் நான் பார்க்கிற ஒழுங்கு இது. அடியிலுள்ள பழைய இலை மட்டும் மஞ்சள் என்றால் தழைச்சத்து. நுனியிலுள்ள புது இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்பு. மேலும் கீழும் மஞ்சள், பச்சை இலையும் கூடக் கொட்டுகிறது என்றால் ஒன்றும் ஊற்றாமல் தேமோமீற்றரை மண்ணில் குத்த வேண்டும்.

பெப்ரவரியில் இலையின் கீழ்ப்பக்கம் சிலந்திப் பேன் கொஞ்சம் வந்தது. வீட்டு ஹீற்றிங்கின் வறட்சிக்கு வருகிற பூச்சி. சவர்க்காரத் தண்ணியில் மூன்று நாளுக்கொருக்கால் நாலு தரம் துடைத்தேன், போய்விட்டது.

கணக்கு

ரென்ற், லைற், ரைமர், விசிறி 80. காற்று வெப்பமானி 14. விரிப்பு 22. தேமொஸ்ராற் 24. மண் 18. பேர்லைற் 9. இரும்பு 16. ஒட்டுத்தாள் 7. மொத்தம் 190 டொலர். வீட்டில் சொன்ன 200க்குள் நின்றது.

திரும்பத் தொடங்குவதென்றால் முதல் காசை விரிப்புக்கும் தேமொஸ்ராற்றுக்கும் போடுவேன். அந்த 46 டொலரும் ஒரு நுரைத் துண்டும் இருந்திருந்தால் 2023 இல் யன்னலில் நின்ற கண்டுகூடத் தப்பியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். லைற் வேண்டும்தான், ஆனால் அதற்குப் பிறகு. வேர் சூடாகி, தளிர் வந்து, வெளிச்சம் கேட்கிற நேரத்துக்கு. கஞ்சாவுக்குச் செய்த பலகையே வேண்டுமென்றில்லை, இரண்டு கண்டுக்கு அதில் பாதி வாற் போதும். நானும் ஜனவரியிலிருந்து அதை 70 வாற்றுக்குக் குறைத்துத்தான் எரிக்கிறேன். மாதம் 1 டொலர் 92 சதம்.

அடுத்த முறை சாடியையும் படிப்படியாகத்தான் மாற்றுவேன். 6 அங்குலத்தில் ஓட்டை வழியே வேர் எட்டிப் பார்த்தால் 8. ஒரேயடியாக 12 இல்லை. உள்ளே எடுக்கும்போதே, இலை கொட்டத் தொடங்க முன்னமே, மண்ணுக்குள் ஒரு தேமோமீற்றர் நிரந்தரமாக இருக்கும்.

வெட்டுகிறவர்களுக்கு ஒன்று. சின்ன இலைகளை உருவி எடுத்து ஈர்க்கைக் கண்டில் விடாதீர்கள். நுனிக்குருத்தோடு சேர்த்து, ஒரு இலைக்கணுவுக்கு மேலே கத்தரியுங்கள். அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளை வரும். ஒன்பதாம் திகதி நான் வெட்டின மூன்று நெட்டும் அப்படி வெட்டினவை.

வெளியே விடுவதற்கு மே கடைசி ஆகும், விக்ரோறியா நாள் விடுமுறை கழிந்து உறைபனிப் பயம் போன பிறகு. லைற்றில் வளர்ந்த இலைக்கு நேர் வெயில் ஆகாது. முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு நாளுக்கு நாள் கூட்டிப் பத்து நாளில் வெயிலுக்குக் கொண்டுவர நினைத்திருக்கிறேன்.

இரண்டாம் கண்டு ஜனவரி முழுக்கக் கம்பாகவே நின்றது. கிழமைக்கொருக்கால் சுரண்டிப் பார்த்தேன். பச்சை இருந்தது, வேறொன்றும் இல்லை. எறியச் சொல்லி வீட்டில் இரண்டு தரம் சொன்னார்கள். பெப்ரவரி 28 அன்று, மண்ணிலிருந்து ஒரு அங்குலத்துக்கு மேலே, நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், ஒரு முளை. அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனில் முதல் கேள்வி அதுதான். மார்ச் 9 விடிய அளந்து சொன்னேன்: 11 மில்லிமீற்றர்.